ஜி6பிடி குறைபாடு: கர்ப்பகாலம் முதல் குழந்தையின் முதல் மாதம் வரை செய்ய வேண்டியவை

உலகத்தில் 40 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மனிதர்களுக்கு வரும் பரம்பரை நொதிக் குறைபாடுகளில் இதுதான் மிகப் பரவலானது. இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே கடைசி வரை தெரியாது. ஆனால் பிறந்த முதல் வாரத்திலும், ஒத்துக்கொள்ளாத மருந்து உள்ளே போன ஓரிரு நாளிலும் இது உயிருக்கே உலை வைத்துவிடும். இரண்டையுமே முன்கூட்டி ஏற்பாடு செய்து தடுக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது இந்தக் குறைபாடு இருப்பது தெரிந்த கர்ப்பிணிகளுக்கும், முந்தைய குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும், இப்போதுதான் குழந்தையின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் அந்த ஏற்பாட்டை வரிசையாகச் சொல்கிறோம்.

உடம்புக்குள் நடப்பது

ரத்தச் சிவப்பணு ஆக்சிஜனைச் சுமந்துகொண்டே திரிவதால், ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதம் அதற்கு அன்றாடப் பிரச்சினை. அந்தச் சேதத்தைச் சமாளிக்க குளுட்டாதையோன் வேண்டும். குளுட்டாதையோனை மறுபடி மறுபடி புதுப்பிக்க என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு வேண்டும். மற்ற செல்களுக்கு அதைத் தயாரிக்க வேறு வழிகளும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு ஜி6பிடி நொதி தொடங்கிவைக்கும் ஒரே வழிதான். நொதி குறைந்தால் சாதாரண நாளில் எப்படியோ சமாளித்துவிடும். தாக்குதல் கூடும் நாளில் ஹீமோகுளோபின் கெட்டியாகிப் படிந்து, செல் உடைகிறது. உடைந்த செல்லின் ஹீமோகுளோபின்தான் பிலிரூபினாக மாறிக் கண்ணையும் தோலையும் மஞ்சளாக்குகிறது.

1950-களில் அமெரிக்காவில் மலேரியா மருந்தான பிரிமாகுயினைச் சோதித்தபோது சிலருக்கு மட்டும் ரத்தம் உடைவதைக் கவனித்தார்கள். அதற்குக் காரணம் இந்த நொதிக் குறைபாடுதான் என்பது 1956-ல் தெரியவந்தது. மலேரியா தலைமுறை தலைமுறையாக வாட்டிய நிலங்களில் இது அதிகம்: ஆப்பிரிக்கா, மத்தியதரைக்கடல் ஓரம், அரபு நாடுகள், இந்தியா, தென்கிழக்கு ஆசியா. இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுபவை மெடிட்டரேனியன், கேரளா–கல்யாண், ஒரிசா என்ற மூன்று வகைகள். மெடிட்டரேனியன் வகை கடுமையானது. ஒரிசா வகை பெரும்பாலும் பழங்குடி மக்களிடம் காணப்படுவது. ரிப்போர்ட்டில் வகையின் பெயர் இருந்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் கீழே சொல்லும் எதுவும் மாறாது.

யாருக்கு வரும்: குடும்பக் கணக்கு

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ். அதில் பழுது இருந்தால் குறைபாடு, இல்லாவிட்டால் இல்லை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பழுது இருந்தால் அவர் கடத்தி. ஆனால் பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஏதோ ஒரு எக்ஸ் அணைந்துவிடுவதால், அவருடைய ரத்தத்தில் நல்ல சிவப்பணுவும் பலவீனமான சிவப்பணுவும் கலந்தே ஓடும். கலவை எந்த விகிதத்தில் அமையும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு 80 சதவீதம் நன்றாக இருக்கும், சிலருக்கு 20 சதவீதம்கூடத் தேறாது. ‘பெண்ணுக்கு வராது’ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது தவறு, ஆபத்தும்கூட.

தாய் கடத்தி, தந்தைக்கு இல்லை என்றால் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு பெண் குழந்தையும் கடத்தியாக இருக்கப் பாதிக்குப் பாதி. தந்தைக்குக் குறைபாடு, தாய்க்கு இல்லை என்றால் மகன்கள் அத்தனை பேரும் தப்பினார்கள், மகள்கள் அத்தனை பேரும் கடத்திகள். இதனால்தான் மருத்துவர் கேட்கும்போது தாய்வழி ஆண்களைப் பற்றிச் சொல்வது முக்கியம். கர்ப்பிணியின் அண்ணன் தம்பி, தாய்மாமன், அம்மாவைப் பெற்ற தாத்தா, பெரியம்மா சின்னம்மா மகன்கள் ஆகியோரில் யாருக்காவது பிறந்தவுடன் ரத்தம் மாற்றினார்களா, மலேரியா மாத்திரை சாப்பிட்டு சிறுநீர் கறுத்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

நம் ஊரில் தாய்மாமனைக் கட்டுவது இன்னும் இருக்கிறது, அதனால் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மாமனுக்குக் குறைபாடு இருந்தால் அவருடைய அம்மா அநேகமாகக் கடத்தி. அக்கா கடத்தியாக இருக்க வாய்ப்பு 2-ல் 1, அக்கா மகளுக்கு 4-ல் 1. அந்த மகளையே அவர் மணந்தால் பிறக்கும் மகனுக்குக் குறைபாடு இருக்க வாய்ப்பு 8-ல் 1. மகள்கள் அனைவரும் குறைந்தபட்சம் கடத்திகள். அதில் இரண்டு எக்ஸிலும் பழுதோடு, ஆணுக்கு நிகரான முழுக் குறைபாட்டோடு பிறக்கும் வாய்ப்பும் 8-ல் 1. இதற்காகத் திருமணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பெண் குழந்தைக்கும் பரிசோதனை வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

பரிசோதனை: எதைக் கேட்பது, எங்கே ஏமாறுவோம்

இரண்டு விதமான சோதனைகள் உண்டு. ஒன்று, புற ஊதா விளக்கில் ஒளிர்கிறதா என்று பார்க்கும் ஒளிர்புள்ளிச் சோதனை. ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொல்லும். நொதி சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பிடிக்கும், அதற்கு மேல் இருந்தால் ‘நார்மல்’ என்று விட்டுவிடும். ஆண்களுக்கு இது போதும். கடத்திப் பெண்களில் பலர் 30-க்கும் 70-க்கும் நடுவில் இருப்பதால் அவர்களுக்கு இது போதவே போதாது. கர்ப்பிணிக்கோ பெண் குழந்தைக்கோ சோதிப்பதென்றால் ‘குவான்டிடேட்டிவ்’ என்று சொல்லி அளவுச் சோதனையைக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு இத்தனை யூனிட் என்று எண் வரும். ஒவ்வொரு லேபின் இயல்பளவும் வேறு. அதனால் எண்ணோடு அந்த லேபின் இயல்பளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பச்சிளங்குழந்தைக்கு இயல்பளவே பெரியவர்களைவிடக் கூடுதல். பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டால், உண்மையில் பாதி குறைந்த பெண் குழந்தைகூட ‘நார்மல்’ ஆகிவிடும். பிறந்த குழந்தைக்கான இயல்பளவு அச்சிட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதிகம் ஏமாறும் இடம், ரத்தம் உடைந்த கையோடு சோதிப்பது. பழைய சிவப்பணுக்களில்தான் நொதி முதலில் தீர்ந்துபோகும். அவை உடைந்து ஒழிந்த பிறகு ரத்தத்தில் மிஞ்சுவது புதிதாகப் பிறந்த செல்கள், அவற்றில் நொதி ஓரளவு இருக்கும். ஆக, நோய் உச்சத்தில் எடுத்த ரிப்போர்ட் இயல்பாக வந்துவிடலாம். ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்தால் காட்டுவது கொடுத்தவரின் நொதியை. இரண்டிலும் ‘நார்மல்’ என்ற விடையை நம்பாமல் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். குழந்தைக்கு ரத்தம் ஏற்றப் போகிறார்கள் என்றால், ஏற்றுவதற்கு முன்பே, ரத்தம் உறையாமல் காக்கும் ஒரு சின்ன இடிடிஏ குழாயில் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடத்தைத் தவறவிட்டால் மூன்று மாதம் காத்திருக்க நேரிடும்.

இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கும். மாதிரி வெயிலில் கிடந்தாலோ, குதிகாலில் குத்தி அட்டையில் எடுத்த ரத்தப் புள்ளி ஈரத்தில் இருந்தாலோ நொதி செயலிழந்து, நல்ல குழந்தையும் ‘டெஃபிஷியன்ட்’ ஆகிவிடும். ஊரில் எடுத்த மாதிரி கூரியரில் நகரத்துக்குப் போகிறது என்றால், குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் போகிறதா என்று கேளுங்கள். அட்டைச் சோதனையில் குறைபாடு என்று வந்தால், குழாயில் ரத்தம் எடுத்து உறுதிப்படுத்தாமல் முடிவுக்கு வராதீர்கள். ஆனால் உறுதியாகும் வரை குறைபாடு இருப்பதாகவே வைத்து மஞ்சளைக் கவனியுங்கள்.

சிங்கப்பூரில் 1965 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இதைச் சோதித்துவிடுகிறார்கள். மலேசியாவிலும் அரசு மருத்துவமனைகளில் அப்படித்தான். அங்கே இருக்கும் தமிழ்ப் பெற்றோர் கேட்காமலேயே விடை வந்துவிடும். இங்கே அப்படி இல்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் பிரசவத்துக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் சொல்லி வைத்து. முடிவு டிஸ்சார்ஜுக்கு முன் கையில் வராவிட்டால் சோதித்தும் பயன் குறைவு.

கர்ப்பகாலத்தில்

கடத்தியான தாய்க்குக் கர்ப்பம் பெரும்பாலும் எந்தச் சிக்கலும் இல்லாமல் போகும். கருச்சிதைவுக்கு இது காரணமாக இருக்குமோ என்று கவலைப்பட வேண்டாம். கவனம் இருக்க வேண்டியது மருந்துச் சீட்டில். தாய் விழுங்கும் மருந்து நஞ்சுக்கொடி வழியே போய்ச் சேர்கிறது. தாயின் ரத்தத்தில் பாதிச் செல்கள் தாக்குப்பிடிக்கும், வயிற்றில் இருக்கும் மகனுக்கோ ஒரு செல்லும் தாக்குப்பிடிக்காமல் போகலாம். தாய் ஃபாவா பீன்ஸும் வைட்டமின் சி-யும் எடுத்த பிறகு, குறைபாடுள்ள கருவுக்கு ரத்தம் உடைந்து உடம்பெல்லாம் நீர் கோத்த ஒரு நிகழ்வு 1975-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மிக அரிது, ஆனால் எப்படி நடக்கும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

கர்ப்பத்தில் சிறுநீர்த் தொற்று சகஜம். அதற்கு அடிக்கடி எழுதப்படும் மருந்து நைட்ரோஃபுரான்டாயின். குறைபாடு இருப்பவரும் கடத்தியும் இதைத் தவிர்த்து, கல்ச்சர் முடிவைப் பொறுத்து செபலெக்சின், அமாக்சிசிலின் போன்றவற்றைக் கேட்கலாம். 36 வாரத்துக்குப் பிறகு, குடும்பத்தில் குறைபாடே இல்லாவிட்டாலும் நைட்ரோஃபுரான்டாயினைத் தவிர்ப்பார்கள். பிறக்கப்போகும் எந்தக் குழந்தையின் சிவப்பணுவும் அப்போது முதிராததுதான். எரிச்சல் குறையக் கடையில் கொடுக்கும் பினாசோபைரிடின் மாத்திரையும் வேண்டாம். அது சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவதால், ரத்தம் உடைந்து நிறம் மாறினாலும் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

வைவாக்ஸ் மலேரியா வந்தால் கர்ப்பிணிக்குக் குளோரோகுயின் கொடுக்கலாம், பிரிமாகுயினும் டஃபெனோகுயினும் கூடவே கூடாது. கருவின் நொதி நிலை தெரியாது என்பதுதான் காரணம். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிக்கும் அந்த 14 நாள் பிரிமாகுயினைப் பிரசவத்துக்குப் பின், தாய்க்கும் பால் குடிக்கும் குழந்தைக்கும் நொதியைச் சோதித்த பிறகே முடிவு செய்வார்கள். குறைபாடு உள்ளவருக்கு வாரம் ஒருமுறை, எட்டு வாரம், மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கும் முறை தனியாக இருக்கிறது. தினசரி மாத்திரையைத் தானாகத் தொடரக் கூடாது. தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் டாப்ஸோனும் இதே ரகம்.

கர்ப்பகாலத்தில் தவிர்க்க வேண்டியவை இவ்வளவுதான் என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் நூறு மருந்து இருக்கும். அவற்றில் பல, மருந்து சாப்பிட்ட அன்று காய்ச்சலும் இருந்ததால் பழி சுமந்தவை. பாராசிட்டமால் வழக்கமான அளவில் பாதுகாப்பானது. ரத்தக்கொதிப்பைத் தடுக்கக் கர்ப்பிணிக்குத் தரும் குறைந்த அளவு ஆஸ்பிரினை இந்தக் காரணத்துக்காக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வரும் ஆபத்துதான் பெரிது. இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளைத் தாராளமாக எடுக்கலாம். நெல்லிக்காய், எலுமிச்சை சாப்பிடலாம். கிராம் கணக்கில் நரம்பில் ஏற்றும் வைட்டமின் சி மட்டும் ரத்தத்தை உடைத்திருக்கிறது. அழகு நிலையங்களில் நிறம் கூட்டுவதாகச் சொல்லிப் போடும் டிரிப்புகளில் இது இருக்கிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சர்க்கரைக்கும் ஒரு வார்த்தை. சிவப்பணுவின் ஆயுள் குறைந்தால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனை பொய்யாகக் குறைத்துக் காட்டும். குறைபாடு உள்ளவர்களுக்கும் ரத்தம் உடைந்து தேறியவர்களுக்கும் அந்த எண்ணை மட்டும் வைத்து ‘சர்க்கரை இல்லை’ என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனைதான் சரி.

குழந்தை வீட்டுக்கு வருவதற்கு முன்

முதலில் பீரோவைத் திறங்கள். அந்துருண்டை, பாச்சை உருண்டை என்று நாம் வாங்கும் வெள்ளை உருண்டைகளில் பல நாஃப்தலீன். அதன் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் குழந்தையின் ரத்தத்துக்குப் போய் செல்லை உடைக்கும். நம் வீடுகளில் தூளி கட்டவும், குழந்தையைச் சுற்றவும் எடுப்பது பாட்டியின் பழைய பருத்திச் சேலை. பல மாதம் டிரங்குப் பெட்டியில் உருண்டையோடு கிடந்து வரும் சேலை அது. குழந்தை நாள் முழுவதும் அந்த வாசனைக்குள்ளேயே தூங்கும். எண்ணெய் தேய்த்த தோல் வழியே அந்த ஆவி இன்னும் எளிதாக உள்ளே போகும். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் இருக்கும் உருண்டைகளை எல்லாம் அகற்றுங்கள். பீரோ, டிரங்கு, குளியலறை, கைகழுவும் தொட்டி, பூஜையறை அலமாரி எதையும் விடாதீர்கள். தூளிச் சேலையும் குழந்தைத் துணியும் உருண்டையோடு வைக்காத துணியாக இருக்கட்டும். வேறு வழியில்லை என்றால் வெந்நீரில் துவைத்து, வாசனை துளியும் இல்லாமல் போகும் வரை பல நாள் வெளியில் காற்றாட விடுங்கள். பூச்சிக்குப் பதிலாக வேப்பிலையோ, நன்கு மூடும் பெட்டியோ போதும்.

மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற சாயப்பொருள் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தை உடைத்ததாக அரபு நாடுகளிலிருந்து பதிவுகள் வந்திருக்கின்றன. குழந்தையின் கையிலும் காலிலும் வைக்க வேண்டாம். மென்தால், கற்பூரம் கலந்த தைலங்களைக் குழந்தைக்குத் தடவ வேண்டாம். கற்பூரம் நொதியோடு சம்பந்தமில்லாமலே குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடியது.

சாப்பாட்டில் தவிர்க்க வேண்டியது ஃபாவா பீன்ஸ் ஒன்றுதான். அதில் இருக்கும் வைசின், கான்வைசின் என்ற பொருட்கள்தான் காரணம். வளைகுடா நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காலை உணவாகக் கிடைக்கும் ஃபூல் இந்தப் பருப்பில் செய்ததுதான். ஃபலாஃபல் சில கடைகளில் கொண்டைக்கடலையிலும், எகிப்து பாணிக் கடைகளில் ஃபாவாவிலும் செய்கிறார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பால் கொடுக்கும் தாயும் சாப்பிடக் கூடாது. நம் அவரைக்காயும் மொச்சையும் வேறு செடி. ஃபாவாவுக்கு ஆங்கிலத்தில் ‘பிராட் பீன்ஸ்’ என்றும் பெயர். இங்கே அவரைக்காயையும் அப்படியே எழுதும் பழக்கத்தால், தடைப் பட்டியலைப் பார்த்து அவரை, மொச்சை, கொண்டைக்கடலை, சோயா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புரதமில்லாமல் பத்தியம் இருக்கும் பிள்ளைத்தாய்ச்சிகள் உண்டு. அவர்கள் அத்தனையையும் சாப்பிடலாம்.

முதல் வாரம்

எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி இதுதான். குறைபாடுள்ள குழந்தைக்கு மஞ்சள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கி நான்காம், ஐந்தாம் நாளில் உச்சத்துக்குப் போகும். சுகப்பிரசவம் என்றால் 48 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதால், உச்சம் வருவது வீட்டில்தான். சில குழந்தைகளுக்குப் பிலிரூபின் எந்தக் காரணமும் தெரியாமல் ஒரே நாளில் விறுவிறுவென ஏறும். ஹீமோகுளோபின் குறையாமலேயே ஏறும் என்பதால் ‘ரத்தம் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஆறுதல் அடைய முடியாது.

ஏன் எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஏறுவதில்லை? இங்கே இன்னொரு நொதியும் சேர்ந்துகொள்கிறது. பிலிரூபினை ஈரலில் கரையும் வடிவத்துக்கு மாற்றும் யுஜிடி1ஏ1 நொதி, கில்பர்ட் என்ற பரம்பரை மாறுபாடு உள்ளவர்களுக்கு மெதுவாக வேலை செய்யும். எருசலேமில் செய்து 1997-ல் வெளியான ஆய்வில், ஜி6பிடி குறைபாடு மட்டும் உள்ள குழந்தைகளில் பத்தில் ஒருவருக்குத்தான் பிலிரூபின் ஒரு டெசிலிட்டருக்கு 15 மில்லிகிராமைத் தொட்டது. கூடவே கில்பர்ட் மரபணு ஒரு பிரதி இருந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, இரண்டு பிரதியும் இருந்தால் பாதிப் பேருக்கு. அதனால் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ ‘பட்டினி கிடந்தால் கண் லேசாக மஞ்சளாகும், ஈரல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்’ என்று யாராவது இருந்தால் அதையும் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை இவை. டிஸ்சார்ஜுக்கு முன் பிலிரூபின் பார்த்து, எண்ணையும் எடுத்த நேரத்தையும் குழந்தை அப்போது எத்தனை மணி நேரக் குழந்தை என்பதையும் எழுதி வாங்குங்கள். ‘மூன்றாம் நாள்’ என்று எழுதினால் போதாது, 50 மணி நேரமா 70 மணி நேரமா என்பதில் முடிவே மாறும். வீட்டுக்குப் போன மறுநாளே திரும்பி வந்து இன்னொரு முறை பாருங்கள், மருத்துவர் போதும் என்று சொல்லும் வரை முதல் வாரம் முழுதும் தொடருங்கள். இரண்டு எண்கள் கிடைத்ததும் ஏறும் வேகத்தைக் கணக்கிடலாம். 30-ஆவது மணியில் 8, 42-ஆவது மணியில் 11 என்றால் 12 மணி நேரத்தில் 3 கூடியிருக்கிறது, அதாவது மணிக்கு 0.25. முதல் 24 மணி நேரத்தில் மணிக்கு 0.3-ம், அதன் பிறகு 0.2-ம் தொட்டாலே ரத்தம் உடைகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மேலே சொன்ன குழந்தை எல்லையைத் தாண்டிவிட்டது. எண் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நீல விளக்கின் கீழ் வைக்கும் ஒளிச்சிகிச்சையை எந்த அளவில் தொடங்குவது என்பது குழந்தையின் வயது மணியையும் கர்ப்ப வாரத்தையும் பொறுத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதல், ஜி6பிடி குறைபாட்டை மூளையைப் பாதிக்கும் ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதாவது இந்தக் குழந்தைக்கு மற்ற குழந்தைகளைவிடக் குறைந்த எண்ணிலேயே லைட் வைக்க வேண்டும். ‘இந்த அளவுக்கு லைட் வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், ஆபத்துக் காரணி உள்ள குழந்தைக்கான வரைபடத்தில் பார்த்தார்களா என்று பணிவாக ஒருமுறை கேளுங்கள்.

லைட்டில் வைக்கும்போது கண்ணுக்கு மூடியும் டயப்பரும் தவிர உடம்பில் வேறு துணி இருக்கக் கூடாது. பால் கொடுக்க மட்டும் எடுங்கள். உறவினர் பார்க்க வந்தால் லைட்டிலேயே பார்க்கட்டும். விளக்கின் வீரியத்தைக் குழந்தையின் மட்டத்தில் அளவிடும் கருவி உண்டு, 30 மைக்ரோவாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பழைய விளக்கு நீலமாக எரிந்தாலும் வீரியம் போயிருக்கலாம். லைட்டை நிறுத்திய 8 முதல் 12 மணி நேரத்தில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை பிலிரூபின் பார்க்க வேண்டும். குறைபாடுள்ள குழந்தைக்கு அது மறுபடி ஏறுவது வழக்கம்.

காலை வெயில் காட்டுவது இதற்கு மாற்று ஆகாது. எவ்வளவு ஒளி படுகிறது என்று அளக்க முடியாது, குழந்தை சூடாகும், நீர் வற்றும், அதற்குள் பொன்னான ஒரு நாள் போய்விடும். கீழாநெல்லி, சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் பச்சிளங்குழந்தைக்கு வேண்டாம். தாய்ப்பால் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுங்கள். பிலிரூபின் மலத்தில்தான் வெளியேறுகிறது. பால் உள்ளே போகாவிட்டால் அது குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்கே திரும்பும்.

முகத்திலிருந்து மஞ்சள் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கினால், குழந்தை எழுப்பியும் பால் குடிக்காமல் தூங்கினால், கீச்சென்று அழுதால், முதுகை வில்லாக வளைத்தால் இரவென்றும் பார்க்காமல் கிளம்புங்கள். பிலிரூபின் மூளையில் படிந்துவிட்டால் காது கேட்காமல் போவதும், கைகால் கட்டுப்பாட்டை இழப்பதும் நிரந்தரம். கருமையான தோலில் மஞ்சள் தெரியாது. மூக்கு நுனியையோ ஈறையோ அழுத்தி விட்டுப் பாருங்கள், அதிலும் சந்தேகம் என்றால் ரத்தம் எடுத்துப் பார்ப்பதே வழி. ரத்தம் மாற்றும் நிலை வந்தால், மாற்று ரத்தம் தாய்வழி ஆண் உறவினருடையது என்றால் அதை ரத்த வங்கியிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கும் இதே குறைபாடு இருக்கலாம்.

பிறந்தவுடன் போடும் 1 மில்லிகிராம் வைட்டமின் கே1 ஊசி பாதுகாப்பானது. தடுப்பூசிகளும் அப்படியே. இந்தக் குறைபாட்டைக் காரணம் காட்டி எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

அதன் பிறகு

முதல் மாதம் தாண்டினால் பெரும்பாலும் எல்லாக் குழந்தையையும் போலத்தான். ரத்தம் உடைவதற்கு அதிகம் காரணமாவது மருந்தைவிடத் தொற்றுதான்: நிமோனியா, டைபாய்டு, ஈரல் அழற்சி. தூண்டுதல் நடந்த 24 முதல் 72 மணி நேரத்தில் குழந்தை வெளிறும், சோர்ந்துவிடும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போகும். புதிதாக ஆரம்பித்த மருந்தை நிறுத்தி, அந்த மருந்தின் அட்டையோடு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஹீமோகுளோபின், ரெட்டிக்குலோசைட் (இளம் சிவப்பணு), பிலிரூபின், கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனாலும், 9-க்குக் கீழே இருந்து சிறுநீர் இன்னும் கறுப்பாகவே போனாலும் குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். கட்டன் காபி நிறம் போய்விட்டது என்றதும் வீட்டுக்கு ஓடி வராதீர்கள், மறுநாள் ஹீமோகுளோபின் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தவழும் குழந்தை அந்துருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டுவிட்டால் இன்னொரு சிக்கலும் சேரும். ஹீமோகுளோபின் மெத்தீமோகுளோபினாக மாறி உதடு நீலமாகும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் கொடுத்தும் 85-ஐத் தாண்டாமல் நிற்கும். அதற்கு அவசரப் பிரிவில் வழக்கமாகக் கொடுக்கும் முறிவு மருந்து மெத்திலீன் புளூ. குறைபாடுள்ளவருக்கு அது வேலை செய்யாது, ரத்தத்தையும் மேலும் உடைக்கும். நுழைந்தவுடன் ‘ஜி6பிடி குறைவு’ என்று நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் வேறு வழிக்குப் போவார். அறுவை அரங்கில் சாயமாகவும் மெத்திலீன் புளூ பயன்படும், மயக்க மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் யூரிக் அமிலத்தைக் குறைக்கத் தரும் ராஸ்பரிகேஸும் கடுமையான தடைக்குரியது.

இதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஒரு அட்டையில் எழுதி லேமினேட் செய்து தடுப்பூசிப் புத்தகத்திலும் பள்ளிப் பையிலும் வையுங்கள்: குழந்தையின் பெயர், ரத்த வகை, நொதி அளவும் சோதித்த தேதியும், பிரிமாகுயின், டஃபெனோகுயின், டாப்ஸோன், மெத்திலீன் புளூ, ராஸ்பரிகேஸ், பெக்லோட்டிகேஸ், நைட்ரோஃபுரான்டாயின், நாஃப்தலீன், ஃபாவா பீன்ஸ். பின்பக்கத்தில், பாராசிட்டமால் கொடுக்கலாம் என்றும் எழுதுங்கள். அடுத்து அண்ணன், அக்கா, தாய், தாயின் உடன்பிறந்தவர்கள் என்று வரிசையாகச் சோதித்துவிடுங்கள். வீட்டில் இன்னொரு பெண் கர்ப்பமாக இருந்தால் முதல் சோதனை அவருக்கு.